யார் எவ்வளவு சுமக்கிறார்கள்: நேட்டோவின் சதவீதக் கணக்கும் அதற்குள் அடங்காதவையும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "நேட்டோவில் உள்ள ஐரோப்பிய நாடுகள் அமெரிக்காவுக்குப் பணம் பாக்கி வைத்திருக்கின்றன என்கிறார்களே, உண்மையா? 2 சதவீதம், இப்போது 5 சதவீதம் என்று பேசப்படும் பணம் யாருக்குப் போகிறது? அமெரிக்கா உண்மையிலேயே ஏமாற்றப்படுகிறதா?"

முதல் இரண்டுக்கும் பதில் எளிது. நேட்டோ என்பது அமெரிக்காவும் கனடாவும் பல ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி. பாக்கி என்று எதுவும் கிடையாது. அந்தப் பணம் அமெரிக்காவுக்கும் போவதில்லை, நேட்டோ தலைமையகத்துக்கும் போவதில்லை. அந்தந்த நாடு தன் சொந்தப் படைக்குச் செலவழிப்பது. மூன்றாவதுதான் கனமான கேள்வி. அமெரிக்காவின் குறையில் பெரும்பகுதி நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை அளக்கக் கையிலெடுத்த கோல் தவறானது. தவறான கோலை வைத்துக்கொண்டு எழுபத்தைந்து ஆண்டாகச் சண்டை போட்டதில், யார் எதைச் சுமக்கிறார்கள் என்பதே மறைந்துபோய்விட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேட்டோவுக்கு ஒரு பொது நிதி உண்டு. தலைமையகம், கூட்டுக் கட்டளை மையங்கள், பொதுவாக இயக்கும் ரேடார் விமானங்கள் போன்றவற்றுக்கு அதிலிருந்து பணம் போகிறது. ஆண்டுக்குச் சில நூறு கோடி யூரோ. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் உறுப்பு நாடுகளின் மொத்தப் படைச்செலவோடு ஒப்பிட்டால் 0.3 சதவீதம் அளவுதான். இதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பங்கு முன்பு 22 சதவீதமாக இருந்தது. 2021 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவும் ஜெர்மனியும் தலா 16 சதவீதம் அளவில் கட்டின. 'பாக்கி' என்ற சொல்லுக்கு இடம் இருந்தால் இங்கேதான் இருக்க வேண்டும். மோதல் இந்தப் பணத்தைப் பற்றியது அல்ல.

மோதல் எல்லாம் மீதி 99.7 சதவீதத்தைப் பற்றியது. 2006-இல் நேட்டோ நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்கள், ஜிடிபியில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், குறைந்தது 2 சதவீதத்தைப் படைக்குச் செலவிடுவது என்று ஒரு வழிகாட்டு அளவை ஏற்றுக்கொண்டார்கள். 2014-இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்துக்கொண்ட பிறகு, வேல்ஸில் கூடிய தலைவர்கள் அதைப் பத்தாண்டு இலக்காக்கினார்கள். அதோடு, செலவில் ஐந்தில் ஒரு பங்காவது புதிய தளவாடங்களுக்குப் போக வேண்டும் என்றும் முடிவானது. அந்த ஆண்டு 2 சதவீதத்தைத் தொட்டவை மூன்றே நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ். 2025 ஜூனில் தி ஹேக் மாநாட்டில் இலக்கு 5 சதவீதமானது, 2035-க்குள். அதில் 3.5 சதவீதம் நேரடிப் படைச்செலவு. மீதி 1.5 சதவீதம் வரை சாலை, பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு, ஆயுதத் தொழில் என்று படைக்குத் துணைநிற்கும் எதுவாகவும் இருக்கலாம்.

சரி, இந்தக் குறை எப்போது தொடங்கியது? டிரம்ப் காலத்தில் என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. கூட்டணி பிறந்ததுமே தொடங்கிவிட்டது. 1949-இல் கையெழுத்தான உடன்படிக்கையில் ஐந்தாம் பிரிவைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: ஒருவர் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதல். அதற்கு முன்னால் மூன்றாம் பிரிவு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தானாகவும் பிறரோடு சேர்ந்தும் தன் தற்காப்பு வலிமையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. மூன்றாவதைச் செய்யாமல் ஐந்தாவதை மட்டும் எதிர்பார்ப்பது ஒப்பந்தத்தின் நோக்கமே அல்ல. 1951-இல் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமையேற்றிருந்த ஐசனோவர், பத்தாண்டுக்குள் அமெரிக்கப் படைகள் வீடு திரும்பாவிட்டால் இந்தத் திட்டமே தோல்வி என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அவை இன்றுவரை திரும்பவில்லை. 1952-இல் லிஸ்பனில் 96 டிவிஷன் (ஒவ்வொன்றும் பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பிரிவு) படை திரட்டுவது என்று முடிவெடுத்தார்கள். அந்த எண்ணிக்கையை யாரும் எட்டவேயில்லை.

அறுபதுகளில் இது பணச் சண்டையாக மாறியது. ஜெர்மனியில் இருக்கும் அமெரிக்கப் படைகளுக்காக டாலர் வெளியே போகிறது. அதை ஈடுகட்ட மேற்கு ஜெர்மனி அமெரிக்க ஆயுதங்களை வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1966-இல் ஜெர்மன் பொருளாதாரம் தளர்ந்தபோது, அந்தச் சுமையைக் கொஞ்சம் தளர்த்தும்படி சான்சலர் லுட்விக் எர்ஹார்ட் வாஷிங்டன் போய்க் கேட்டார். ஜனாதிபதி ஜான்சன் இணங்கவில்லை. சில வாரங்களில் பட்ஜெட் நெருக்கடியில் எர்ஹார்டின் ஆட்சி கவிழ்ந்தது. அந்த ஒப்பந்தமும் ஒரு காரணம். 1971-இல் செனட்டர் மைக் மேன்ஸ்ஃபீல்டு, ஐரோப்பாவில் இருக்கும் அமெரிக்க வீரர்களில் பாதிப்பேரைத் திருப்பி அழைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 61-க்கு 36 என்று தோற்றது. 1984-இல் செனட்டர் சாம் நன் அதே பாணியில் இன்னொரு திருத்தத்தைக் கொண்டுவந்தார், அதுவும் தோற்றது. இருவருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். இந்த மனக்குறை அமெரிக்காவில் ஒரு கட்சிக்குரியதாக இருந்ததே இல்லை.

இத்தனை முறை கேட்டும் ஏன் நடக்கவில்லை? 1966-இல் மேன்சர் ஓல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அதை என் வழியில் சொல்கிறேன். ஆற்றுக்கரையை ஒட்டிப் பலருடைய நிலம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் எல்லோருக்கும் நஷ்டம், பெரிய நிலக்காரருக்கு அதிக நஷ்டம். அதனால் மற்றவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவர் கரையை உயர்த்தத்தான் செய்வார். இது சின்ன நிலக்காரர்களுக்குத் தெரியும். அவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் தன் ஒரு கூடை மண்ணால் கரை ஒன்றும் உயரப்போவதில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தால், முடிவில் மண் சுமப்பது ஒருவர் மட்டும்தான். பெரிய நாடு தன் அளவுக்கு மீறிச் சுமக்கும், சிறியவை தங்கள் அளவுக்குக் கீழே சுமக்கும் என்பதுதான் அவர்கள் கண்டது. நேட்டோவின் அன்றைய புள்ளிவிவரமும் அதோடு ஒத்துப்போனது.

இன்றும் ஓரளவு ஒத்துப்போகிறது. நேட்டோ நாடுகளின் மொத்தப் பொருளாதாரத்தில் அமெரிக்காவினுடையது ஏறத்தாழப் பாதி; மொத்தப் படைச்செலவில் 2024-இல் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அதனுடையது. ஆனால் இந்த விளக்கத்துக்குள் வராத ஒன்றும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எஸ்டோனியாவும் லிதுவேனியாவும் மிகச் சிறிய நாடுகள். விளக்கத்தின்படி அவை சும்மா இருக்க வேண்டும். நேர்மாறாக, போலந்தோடு சேர்ந்து அவைதான் பட்டியலின் உச்சியில் இருக்கின்றன; 2024-இல் போலந்து ஜிடிபியில் 4 சதவீதத்தைத் தாண்டியது. ரஷ்யாவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் இங்கே பேசுகிறது. வெள்ளம் முதலில் புகும் வயல்காரர் கூடையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஸ்பெயின் தூரத்தில் இருக்கிறது. தி ஹேக்கில் தன் கடமைகளை 2.1 சதவீதத்திலேயே நிறைவேற்ற முடியும் என்று பிரதமர் சான்செஸ் பிடிவாதமாக நின்றதற்கு அந்தத் தூரமும் ஒரு காரணம்.

இனி சதவீதத்துக்கே வருகிறேன். இந்த விவாதத்தில் எனக்கு மிகுந்த ஆதங்கம் உள்ள இடம் இதுதான்.

கிரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் இலக்கைத் தொட்ட மூன்று நாடுகளில் ஒன்று என்று சொன்னேன். அப்போது அந்த நாடு கடன் நெருக்கடியில் நொறுங்கிக் கிடந்தது. சில ஆண்டுகளில் பொருளாதாரத்தில் கால் பங்கு கரைந்துபோனது. படைச்செலவையும் கடுமையாக வெட்டினார்கள். ஆனால் கீழே இருக்கும் எண்ணும், அதாவது ஜிடிபியும், சுருங்கியதால் விகிதம் 2-க்கு மேலேயே நின்றது. செலவில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும்தான்; ஓய்வூதியமும் நேட்டோ கணக்கில் படைச்செலவே. எல்லாவற்றுக்கும் மேலாக, கிரீஸ் அவ்வளவு செலவழிப்பது முதன்மையாக மாஸ்கோவை நினைத்து அல்ல, துருக்கியை நினைத்து. துருக்கியும் நேட்டோ உறுப்பினர். கூட்டாளிக்கு எதிராக வாங்கிய ஆயுதமும் கூட்டணிக்குச் செய்த பங்களிப்பாகவே பட்டியலில் ஏறுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் டென்மார்க். அதே காலத்தில் அது 1.5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பட்டியலைப் பார்ப்பவர் அதைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஐந்தாம் பிரிவு முதன்முறையாக, இன்றுவரை ஒரே முறையாக, அமெரிக்காவுக்காக இயக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த ஆப்கானிஸ்தான் போரில் டென்மார்க் தன் வீரர்களை மிகக் கடுமையான ஹெல்மண்ட் மாகாணத்துக்கு அனுப்பியது. 43 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 55 லட்சம் மக்கள்தொகை கொண்ட நாடு அது. மக்கள்தொகைக்கு ஈடாகப் பார்த்தால் அமெரிக்காவின் இழப்பு விகிதமும் டென்மார்க்கின் இழப்பு விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றே. பிரிட்டன் 457 பேரை இழந்தது, கனடா 158 பேரை. இந்த உயிர்கள் எந்தச் சதவீதத்திலும் வராது. சுமைப் பகிர்வு என்று பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஃபின்லாந்து இன்னொரு வகை. நேட்டோவில் சேர்ந்தது 2023-இல்தான். அதற்கு முந்தைய பத்தாண்டில் அதன் செலவு பெரும்பாலும் 1.5 சதவீதம் பக்கம்தான். ஆனால் போர் வந்தால் 2,80,000 பேரைக் களத்தில் நிறுத்தும் ஏற்பாடு அதனிடம் இருந்தது. கட்டாய ராணுவ சேவைதான் காரணம். இளைஞர்கள் மாதக்கணக்கில் சொற்பப் படித்தொகைக்குச் சேவை செய்கிறார்கள். அந்த மாதங்களில் அவர்கள் வெளியே சம்பாதித்திருக்கக்கூடிய பணம் முழுவதும் அந்தச் சமூகம் கட்டும் வரிதான். அது பட்ஜெட்டில் தெரிவதில்லை. சம்பளத்துக்கு ஆள் சேர்க்கும் நாடு அதே வீரருக்குப் பல மடங்கு எழுதிக் காட்டும்.

லக்சம்பர்க்கில் வேறொரு சிக்கல். எல்லை தாண்டி வந்து வேலை செய்பவர்களால் அதன் ஜிடிபி ஊதிப்போய் இருக்கிறது. அதற்கு மட்டும் வேறொரு வருமான அளவை அடிப்படையாக வைத்துக்கொள்ள ஏற்பாடு ஆனது. ஐஸ்லாந்துக்குப் படையே கிடையாது. ஆனால் வட அட்லாண்டிக்கின் நடுவில் அது இருக்கும் இடம் பல படைப்பிரிவுகளுக்குச் சமம். அதனால்தான் 1949-இலேயே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இலக்கு பணத்தில் இருக்கும்போது, கணக்கெழுதும் முறையும் அதற்கேற்ப வளையத் தொடங்கும். தி ஹேக் முடிவு வந்த சில வாரங்களிலேயே, சிசிலியை நிலப்பகுதியோடு இணைக்கத் திட்டமிடப்பட்ட மெசினா பாலத்தை 1.5 சதவீதப் பகுதியில் காட்டலாமா என்று இத்தாலியில் பேச்சு எழுந்தது. பின்னர் எதிர்ப்பு வந்தது. கனடா தன் கடலோரக் காவல்படையைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழே கொண்டுவந்தது. அதற்குத் தனிக் காரணங்களும் இருக்கலாம். இருந்தாலும், செலவு ஏறியதில் எவ்வளவு புது வலிமை, எவ்வளவு இடமாற்றம் என்று கேட்கவே வேண்டியிருக்கிறது.

செலவுக்கும் வலிமைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்கு லிபியா ஒரு பாடம். 2011-இல் அங்கே வான் தாக்குதல் தொடங்கிய பதினொரு வாரத்திலேயே பல ஐரோப்பிய நாடுகளுக்குக் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. எதிரி பலமான படைகூட அல்ல. நடுவானில் எரிபொருள் நிரப்புவது, வேவு பார்ப்பது, இலக்குகளைக் குறித்துத் தருவது ஆகியவற்றில் பெரும்பகுதியை அமெரிக்காதான் செய்தது. அந்த ஜூனில் பிரசல்ஸில் பேசிய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் இதை வெளிப்படையாகவே சொன்னார்: பனிப்போர்க் காலத்தில் நேட்டோ செலவில் பாதியாக இருந்த அமெரிக்கப் பங்கு 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, இப்படியே போனால் கூட்டணியின் எதிர்காலம் மங்கலாகத்தான் இருக்கும் என்றார். டிரம்ப் வருவதற்கு ஐந்தாண்டு முன்னால் சொன்னது. ஐரோப்பா அப்போது காது கொடுக்கவில்லை. இதில் ஐரோப்பாவுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனுக்கு ஓராண்டுக்குள் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக வாக்களித்தது. ஆண்டு முடியும்போது ஏறத்தாழ பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. பணம் இல்லாமல் அல்ல. முப்பது ஆண்டு அமைதியில் தொழிற்சாலைகளை மூடிவிட்டார்கள். வெடிமருந்தும் தேர்ந்த தொழிலாளர்களும் பட்ஜெட் போட்ட மறுநாள் முளைத்துவிட மாட்டார்கள். இன்னொன்று, ஆளுக்கொரு ரகம். 2017-இல் ஐரோப்பிய ஆணையமே காட்டிய ஒப்பீட்டில், அமெரிக்காவிடம் பிரதான டாங்கி ஒரே ரகம், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடம் 17 ரகம். ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிபாகம், தனிப் பயிற்சி, தனிப் பட்டறை. எல்லா நாடும் 3.5 சதவீதம் செலவழித்தாலும் இப்படித் தனித்தனியாக வாங்கினால், அந்தப் பணத்தில் பெரும்பங்கு வீணாகிவிடும். தங்கள் நாட்டுத் தொழிற்சாலையில் வேலை இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாடாளுமன்றமும் விரும்புவது இயல்புதான். ஆனால் அந்த விருப்பத்தின் விலை எவ்வளவு என்பதை எந்த நாடும் தன் வாக்காளர்களிடம் சொல்வதில்லை.

அப்புறம், பணமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா என்ற கேள்வி. 1991 வளைகுடாப் போரின் செலவு ஏறத்தாழ 6,100 கோடி டாலர்; அதில் சுமார் 5,400 கோடியை மற்ற நாடுகள் கொடுத்தன. சவூதி, குவைத் இரண்டும்தான் பெரும்பகுதி. ஜப்பான் 1,300 கோடி டாலர் தந்தது. அதற்காகத் தன் மக்கள் மீது தற்காலிக வரிகூடப் போட்டது. அதன் அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் பிரிவு போரைத் துறந்தது என்பதால் படை அனுப்பவில்லை. போர் முடிந்ததும் குவைத் அமெரிக்க நாளிதழ்களில் நன்றி விளம்பரம் கொடுத்தது. தனக்கு உதவிய நாடுகளின் பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. ஜப்பான் பெயர் இல்லை. அந்த அவமானம் டோக்கியோவை உலுக்கிவிட்டது. 1992-இல் அமைதிப் படைக்கு ஆள் அனுப்ப வழிசெய்யும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு கம்போடியாவுக்கு ஜப்பானிய வீரர்கள் போனார்கள். 2022 டிசம்பரில், ஐந்தாண்டுகளுக்கு 43 லட்சம் கோடி யென், 2027-க்குள் ஜிடிபியில் 2 சதவீதம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக 1 சதவீதம்தான் எழுதாத வரம்பு.

ஆனால் ஜப்பான் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1978 முதல் அங்குள்ள அமெரிக்கத் தளங்களின் செலவில் ஒரு பங்கை அதுவே ஏற்கிறது. ஊழியர் சம்பளம், மின்சாரம், கட்டடம் எல்லாம் அதில் அடக்கம். அதோடு நிலம். நாட்டின் பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஒகினாவா, அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடத்தில் 70 சதவீதத்தைத் தாங்குகிறது. விமான இரைச்சல், விபத்து, குற்ற வழக்கு, கையகப்படுத்தப்பட்ட விளைநிலம் என்று அந்தத் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பதும் கூட்டணியின் சுமைதான். அதை டோக்கியோவின் சுமையாக எழுதுவதா, ஒகினாவாவின் சுமையாக எழுதுவதா? ஒரு நாட்டுக்குள்ளேயே சுமை சரியாகப் பகிரப்படாதபோது, நாடுகளுக்கிடையே மட்டும் அதைத் துல்லியமாக அளந்துவிட முடியாது.

தென்கொரியாவிலும் இதே பேரம் நடக்கிறது. அங்கே 28,500 அமெரிக்க வீரர்கள். 2019-இல் சியோல் கொடுத்த பங்கு சுமார் 1.04 லட்சம் கோடி வொன். டிரம்ப் நிர்வாகம் அதை 500 கோடி டாலராக, அதாவது ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்த்தக் கேட்டது. பேச்சு முறிந்து இழுத்துக்கொண்டே போனதில், 2020 ஏப்ரலில் தளங்களில் வேலை பார்த்த சுமார் 4,000 கொரியர்கள் சம்பளமில்லா விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரிய நாடுகள் எண்ணை வைத்து மோதிக்கொண்டபோது முதலில் அடி வாங்கியது சமையலறையிலும் கிடங்கிலும் வேலை பார்த்தவர்கள். பைடன் காலத்தில் 2021-இல் 1.18 லட்சம் கோடி வொன்னில் முடிந்தது.

பணம் கொடுத்து ஒதுங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதற்கு 2,500 ஆண்டு பழைய சாட்சி இருக்கிறது. பாரசீகத்துக்கு எதிராக கி.மு. 478-இல் ஏதென்ஸ் தலைமையில் கிரேக்க நகரங்கள் கூட்டணி சேர்ந்தன; டெலோஸ் தீவில் பொதுக் கருவூலம். ஒவ்வொரு நகரமும் கப்பலும் ஆளும் தரலாம், அல்லது அதற்கு ஈடாகப் பணம் தரலாம். பெரும்பாலான நகரங்களுக்குப் பணமே வசதியாகத் தோன்றியது. பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்ப வேண்டாமே. அந்தப் பணத்தில் ஏதென்ஸ் தன் கப்பற்படையைப் பெருக்கிக்கொண்டது. பிறகு நக்சோஸ் போன்றவை விலக நினைத்தபோது, அவற்றிடம் ஏதென்ஸை எதிர்க்கும் பலம் இல்லை. கி.மு. 454-இல் கருவூலமே ஏதென்ஸுக்குப் போய்விட்டது. கூட்டாளிகளின் பங்குத்தொகை கப்பமாக மாறியிருந்தது. சுமக்காதவருக்கு முடிவெடுப்பதிலும் பங்கு இருக்காது என்பது அன்றே நடந்த கதை.

இதன் மறுபுறம்தான் மூன்றாவது கேள்விக்கு என் பதில். ஐரோப்பா குறைவாகச் செலவழித்த காலம் முழுவதும் அமெரிக்கா வெறும் கையோடு நிற்கவில்லை. நேட்டோவின் ஐரோப்பியப் படைத் தலைமை தொடக்கத்திலிருந்தே அமெரிக்கத் தளபதி கையில்தான். மத்திய கிழக்குக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போக ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் தளங்கள் அதற்குப் பயன்பட்டன. 2020 முதல் 2024 வரை ஐரோப்பிய நேட்டோ நாடுகள் இறக்குமதி செய்த ஆயுதங்களில் 64 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். ஜெர்மனி அணு ஆயுதம் செய்யவில்லை, ஜப்பானும் செய்யவில்லை. அப்படிச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதே வாஷிங்டனின் விருப்பமாகவும் இருந்தது. அமெரிக்கா தன் படைக்குச் செலவழிப்பதில் பெரும்பகுதி பசிபிக்குக்கும் உலகின் மற்ற மூலைகளுக்கும் சேர்த்துத்தான்; அது முழுவதையும் ஐரோப்பாவுக்காகச் செய்த தர்மமாக எழுதுவது சரியல்ல. ஆக, ஏமாற்றப்பட்டது என்ற சொல் பொருந்தாது. அது ஒரு கொடுக்கல்வாங்கல்: ஐரோப்பா பாதுகாப்பைப் பெற்றது, அமெரிக்கா தலைமையைப் பெற்றது. அந்தக் கொடுக்கல்வாங்கல் இனி தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்று சொல்ல அமெரிக்காவுக்கு உரிமை உண்டு. ஆனால் 2024 பிப்ரவரியில் டிரம்ப் ஒரு கூட்டத்தில், பணம் கட்டாத நாட்டை ரஷ்யா என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்ற தொனியில் பேசியது வேறு ரகம். எதிரி தயங்குவதற்குக் காரணமே அந்த வாக்குறுதியின் மீதுள்ள நம்பிக்கைதான். அதைப் பேரத்துக்கு வைத்தால், எல்லோரும் ஏற்கெனவே செலவழித்த பணத்தின் பலனும் குறைந்துபோகிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். டென்மார்க் 2023-இல், முந்நூறு ஆண்டுக்கு மேலாகக் கொண்டாடிவந்த பெரும் பிரார்த்தனை நாள் விடுமுறையை ரத்து செய்யச் சட்டம் இயற்றியது. மக்கள் ஒரு நாள் கூடுதலாக வேலை செய்தால் வரும் வரியைப் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்வதுதான் நோக்கம். தொழிற்சங்கங்களும் திருச்சபையும் எதிர்த்தன. தலைநகரில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். சட்டம் நிறைவேறியது. எனக்கு அந்த முடிவில் பிடித்தது அதன் நேர்மை: செலவு இதோ, இழப்பது இதோ என்று மக்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். ஜெர்மனி 2022-இல் 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி ஒதுக்கியது. 2025 மார்ச்சில், ஜிடிபியில் 1 சதவீதத்துக்கு மேல் போகும் பாதுகாப்புச் செலவுக்கு அரசியல் சாசனத்தின் கடன் வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. கடன் வாங்க முடிந்த நாட்டுக்கு அது வழி. இத்தாலி, பிரான்ஸ் போன்று ஏற்கெனவே கடனில் மூழ்கியவற்றுக்கு அந்த வழி குறுகல். 3.5 சதவீதம் என்பது அங்கே ஓய்வூதியம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு நேருக்கு நேர் மோதும். 2029-இல் இலக்குகளை மறுபரிசீலனை செய்யப்போகிறார்கள். உண்மை நிலவரம் அப்போது தெரியும்.

அதுவரை சதவீதப் பட்டியலைப் பார்ப்பவர்களிடம், கூடவே லிதுவேனியாவையும் பாருங்கள் என்பேன். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு முதன்முறையாக ஜெர்மனி தன் பிரிகேட் ஒன்றை வெளிநாட்டில் நிரந்தரமாக நிறுத்துகிறது. ஏறத்தாழ 5,000 பேர், 2027-க்குள் முழு அளவில். 2025 மே மாதம் வில்னியஸில் அதன் தொடக்க விழா நடந்தது. வீரர்களும் டாங்கிகளும் ஜெர்மனியுடையவை. படைமுகாம், பயிற்சித் திடல், குடியிருப்பு ஆகியவற்றை லிதுவேனியா தன் செலவில் கட்டுகிறது. பெலாரஸ் எல்லைக்கு அருகே காட்டுப் பகுதியில் வேலை நடக்கிறது. வீரர்கள் குடும்பத்தோடு வரலாம் என்பதால் ஜெர்மன் மொழிப் பள்ளிக்கும் மழலையர் பள்ளிக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். ஒரு ஜெர்மன் சிப்பாயின் பிள்ளை வில்னியஸில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால், பெர்லின் கொடுத்த வாக்குறுதி எவ்வளவு கனமானது என்பது மாஸ்கோவுக்குத் தானாகவே விளங்கும்.